இருத்தலும் குடியிருத்தலும்

ஒரு சொல்லின் வேரைத் தோண்டினால், அச்சொல்லை வழங்கிய மக்களின் வாழ்வும் உடன் வெளிப்படும். ஓரிடத்தில் குடியிருத்தலைக் குறிக்கும் 'ரிசைட்' என்னும் ஆங்கில வினைச்சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'ரெ' என்பது 'பின்' எனப் பொருள்படும் முன்னொட்டு. 'செடேரே' என்பது உட்காருதல். இரண்டும் இணைந்து, பிறர் எழுந்து போன பின்னும் உட்கார்ந்திருத்தல், தங்கிவிடுதல் என்னும் பொருளைத் தந்தன. எஞ்சிய பொருளைக் குறிக்கும் 'ரெசிடியூ' என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. ஆசிரியர் அருகே அமர்தலைக் குறிக்கும் 'உபநிடதம்' என்னும் வடசொல்லிலும் இவ்வேரின் உறவைக் காணலாம்.

ஜொகூர் மண்ணில் வழங்கும் பிற மொழிகளிலும் இக்கருத்து உண்டு. மலாய்மொழியில் 'டூடோக்' என்றால் உட்காருதல். பேச்சு வழக்கில் குடியிருத்தலும் அதுவே. 'திங்கல்' என்னும் சொல் தங்குதலையும் எஞ்சுதலையும் ஒருங்கே உணர்த்தும். தமிழிலோ 'இரு' என்பது அமர்தலையும் வாழ்தலையும் குறிக்கும். 'இருப்பு' என்றால் கணக்கில் எஞ்சிய தொகையுமாகும். உறவில்லா மொழிகள் ஒரே எண்ணத்தில் ஒன்றுபடுவது வியப்பன்றோ!

ஆயின், வரலாறு இச்சொல்லுக்கு இருவேறு முகங்களைத் தந்தது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின், மலாய் மாநிலங்களில் அமர்த்தப்பட்ட ஆங்கில அதிகாரி 'ரெசிடெண்ட்' எனப்பட்டார். பேராக்கின் முதல் ரெசிடெண்டான பர்ச் 1875இல் கொல்லப்பட்டார். பெயரோ 'தங்கியிருப்பவர்', கையிலிருந்ததோ ஆட்சி. ஜொகூர் இப்பதவியை ஏற்கவில்லை. எனினும் 1914இல் பொது ஆலோசகர் என்னும் பெயரில் ஆங்கில அதிகாரம் அங்கும் நிலைபெற்றது.

மற்றொரு முகம் தோட்டப்புறத்தது. 1909இல் ஜொகூரின் இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் அழைத்துவந்த தமிழர் லயங்களில் குடியமர்ந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடுத்த பின்னரும், வந்தவர் பலர் இங்கேயே தங்கினர். கோவில் எழுப்பினர், பள்ளி கண்டனர், பெற்றோரை இம்மண்ணிலே அடக்கம் செய்தனர். எனினும் லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும்!

தமிழில் குடியிருப்பவர், குடிமகன், குடியுரிமை ஆகிய மூன்றும் 'குடி' என்னும் ஒரே அடியிற் பிறந்தவை. திருக்குறளில் 'குடிமை', 'குடிசெயல்வகை' என இரு அதிகாரங்களைப் பெற்ற சொல் அது. சட்டமோ குடியிருத்தலையும் குடியுரிமையையும் வேறுபிரித்தது. 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு வழி திறந்தது. ஆயினும் அறியாமையாலும் சான்றுகள் இன்மையாலும் பலர் விண்ணப்பிக்கத் தவறினர். அவர்க்கு வாய்த்தது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்களல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்றது. ஆண்டாண்டுக் காலம் பால் மரம் சீவிய கைகள் பல, வேலையிழந்து தமிழகத்துக்குக் கப்பலேறின. அவர்கள் இங்கு உட்கார்ந்திருந்தவர்களாகவே கணக்கிடப்பட்டனர், குடியாகக் கருதப்படவில்லை.

பிற்காலத்தில் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்தன. லயங்கள் மறைந்தன. பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் இன்றி இன்றும் அல்லற்படுவோர் தமிழரிடையே உளர். பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்தல் எளிய செயல். ஆனால் இருப்பைக் குடியுரிமையாக்கும் முதற்படி அதுவே. நிலத்தில் இருத்தல் கால்களால் இயலும். குடியாதலுக்கோ ஏட்டிலும் பெயர் இருத்தல் வேண்டும்.