பூச்சாடிக் கள்ளியின் பூர்வீகம்



என் பாடசாலை அலுவலக மேசையிலே ஒரு சிறு பூச்சாடி இருந்தது. அதில் உருண்டை வடிவான கள்ளிச் செடி ஒன்று. அதன்மேற் பரிவு கொண்ட மாணவர் சிலர் நாள்தோறும் தண்ணீர் வார்த்து வந்தனர். ஒரு மாதத்துள் அச்செடி அடியழுகிச் சாய்ந்தது. அன்பின் குறைவால் அன்று, அதன் பூர்வீகத்தை அறியாமையாலேயே அது மடிந்தது. அப்பூர்வீகத்தை இன்று சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் கள்ளி என்றது, பால் வடியும் சதுரக்கள்ளி போன்றவற்றை. அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூச்சாடியில் நாம் வளர்க்கும் கக்டஸ் வேறு குடும்பம். பஞ்சு போன்ற சிறு மெத்தைகளிலிருந்து அதன் முட்கள் கொத்தாக முளைக்கும். அதுவே அதன் அடையாளம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். முள்ளின்றி மரக்கிளைகளில் தொங்கும் ஓரினம் மாத்திரம் ஆபிரிக்காவிலும், நம் இலங்கையின் ஈரலிப்பான காடுகளிலும் இயற்கையாக வளர்கின்றது.

அங்ஙனமாயின் ஏனையவை கடல் கடந்தது எவ்வாறு? அழகுக்காக வந்தவை பல. ஆதாயத்துக்காக வந்தவையும் உள. மெக்சிக்கோ மக்கள் சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து செந்நிறச் சாயம் எடுத்தனர். 1521இல் அந்நாட்டைக் கைப்பற்றிய இசுப்பானியர் அச்சாயத்தை ஐரோப்பாவில் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினர். அச்செல்வத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியும் கண் வைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் கும்பினியின் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன், சைதாப்பேட்டையிலே கள்ளித் தோட்டம் ஒன்று அமைத்தார். 1795இல் பிரேசில் நாட்டிலிருந்து சாயப்பூச்சியும் வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயின் வந்தது தரம் குறைந்த இனம். சாய வணிகம் செழிக்கவில்லை.

வணிகம் தளர்ந்தும் கள்ளி தளரவில்லை. வேலியைத் தாண்டி வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் அது பற்றிக்கொண்டது. அவ்வேளையில் விந்தையொன்று புலனாயிற்று. பயனற்றதெனக் கைவிடப்பட்ட பூச்சியே ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அடியோடு அழித்து வந்தது! அது கண்டு, 1865ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து அப்பூச்சியை இலங்கைக்குக் கொணர்ந்தனர். களையை அழிக்க ஒரு நாட்டுப் பூச்சியை மற்றொரு நாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுசென்ற முதல் முயற்சி இதுவே என்பர். அதன் அறிவியற் பெயரிலும் சிலோன் என்னும் சொல் நிலைத்திருக்கின்றது. நாகதாளியை அழிக்கவல்ல வேறொரு பூச்சியினம் 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்றது. வாங்கிய கடனை நாம் இவ்வாறு தீர்த்தோம் எனலாம். ஆயினும் நாகதாளி முற்றாய் ஒழிந்துவிடவில்லை. தென்கரையிலுள்ள புந்தல வனப்பூங்காவில் அது இன்றும் தொல்லை தருகின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. ஒரு செடியின் இயல்பறியாது அதைக் கொணர்ந்தால் ஊருக்குக் கேடு. இயல்பறியாது அதை வளர்த்தால் செடிக்குக் கேடு.

பூச்சாடியில் நாம் வைக்கும் உருண்டைக் கள்ளிகளிற் பெரும்பாலானவை வறண்ட நிலத்து மக்கள். பகலில் நீராவி வெளியேறாதவாறு தண்டின் நுண்டுளைகளை மூடிக்கொண்டு, இரவிலேயே அவற்றைத் திறந்து காற்றை ஏற்பவை. தண்டிலே நீரைச் சேமித்து வைப்பவை. ஆதலால் அடியில் துளையுள்ள சாடியைத் தேர்க. மண்ணுடன் பருமணலும் சிறுகற்களும் கலந்து இடுக. காலை வெயில் படும் இடத்தில் வைக்க. மண்ணுள் விரலை விட்டுப் பார்த்து, நன்றாய்க் காய்ந்திருந்தால் மாத்திரமே நீர் வார்க்க. சாடியின் கீழுள்ள தட்டில் நீர் தேங்க விடலாகாது. மழைக்காலத்தில் தாழ்வாரத்துள் எடுத்து வைத்தல் நன்று. நாகதாளி இனத்தைக் கத்தரிக்க நேர்ந்தால், துண்டுகளை வேலியோரத்தில் எறியாதீர்கள். ஒரு துண்டு விழுந்த இடத்திலே வேரூன்றி ஒரு புதராகும்.

என் மேசையில் இப்பொழுது மற்றொரு கள்ளி இருக்கின்றது. மாணவர் இன்றும் அதனருகே வருகின்றனர். ஆனால், முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்கின்றனர். ஈரம் இருந்தால், நீர்க்குவளையோடு பேசாது திரும்பிச் செல்கின்றனர்.