செங்கல்லில் எழுந்த கான்கிரீட் கனவு

1917. ரஷ்யப் போர்முனையில் இரவுக் காவலில் இருந்த ஜெர்மன் சிப்பாய் ஒருவர், கிடைத்த துண்டுக் காகிதங்களில் கட்டடங்களை வரைந்துகொண்டிருந்தார். பெயர் எரிக் மெண்டல்சோன், வயது 30. காகிதத்துக்குப் பஞ்சம், படங்களில் சில தபால்தலை அளவுதான். ஆனால் அந்தச் சிற்றளவுக்குள் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் விண்ணாய்வுக்கூடங்களும் நாலைந்து தடித்த மைக்கோடுகளில் வளைந்து எழுந்தன. கடிதங்களோடு அவை மனைவி லூயிஸுக்குப் போய்ச் சேர்ந்தன. 1919-ல் பெர்லினில் பால் காசிரரின் கலைக்கூடம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அதுவரை பேர்சொல்லும்படி பெரிதாக எதையும் கட்டியிராதவர் அவர்!

அவரை நம்பியவர் வானியலாளர் எர்வின் ஃபிராய்ண்ட்லிக். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையைச் சோதிப்பதே அவருடைய வேட்கை. 1914-ல் சூரிய கிரகணத்தைப் படம்பிடிக்க கிரிமியா போனார். அதற்குள் போர் மூண்டு ரஷ்யர்களிடம் சிக்கினார். அடுத்த வழி, ஒரு சூரிய ஆய்வுக் கோபுரம். சூரியனின் ஈர்ப்பைக் கடந்து வரும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் இம்மியளவு சிவப்புப் பக்கம் நகர்கின்றனவா என்று அங்கே பார்க்க வேண்டும்.

போட்ஸ்டாமில் 1920-ல் வேலை தொடங்கியது. உச்சிக் குவிமாடத்துக் கண்ணாடிகள் சூரிய ஒளியைக் கீழே திருப்பும். அது கோபுரத்துள் நேராக இறங்கி அடித்தள ஆய்வறையில் நிறமாலையாக விரியும். வெளியே, ஒரே கல்லில் குடைந்தெடுத்தது போன்ற உருவம். முழுவதையும் கான்கிரீட்டில் வார்க்கத்தான் மெண்டல்சோன் நினைத்தார். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் அது நடக்கவில்லை. பொருள் தட்டுப்பாடு ஒருபுறம். அத்தனை வளைவுக்கும் சென்ட்ரிங் பலகை அடிப்பது அதைவிடப் பெரிய தலைவலி. கடைசியில் கோபுரத்தின் பெரும்பகுதியைச் செங்கல்லில் எழுப்பி, சாந்து பூசி, கான்கிரீட் போலத் தோன்றவைத்தார்கள்.

பூச்சு பொய்யை நெடுநாள் காக்கவில்லை. விரிசல் விட்டது, ஈரம் புகுந்தது. 1927-லேயே பெரிய பழுதுபார்ப்பு. அதன்பிறகு எத்தனையோ முறை. கடைசியாக முடிந்தது 2023-ல். கோபுரம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதுவும் எளிதில் கைகூடவில்லை. சூரியப் பரப்பின் கொந்தளிப்பு அந்த நுண்ணிய நகர்வை மறைத்துவிட்டது.

ஆனாலும் மெண்டல்சோன் தோற்றார் என்று சொல்ல முடியாது. கெம்னிட்ஸ் நகரில் 1930-ல் திறந்த ஷோக்கன் பேரங்காடியில் தூண்களை உள்ளே தள்ளி நிறுத்தினார். சுமை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்ட முகப்பு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஜன்னல் பட்டைகளோடு வில்லாக வளைந்தது. போர்முனைக் கோடுகள் கேட்டது இந்தக் கட்டுமானத்தைத்தான். மூன்றே ஆண்டுகளில், யூதரான அவர் நாஜிகளிடமிருந்து தப்பி நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. 1953-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். ஷோக்கன் கட்டடம் இன்று தொல்லியல் அருங்காட்சியகம்.

வளைவைத் தயங்காமல் கான்கிரீட்டிலேயே வார்த்து நிறுத்தியவர் பிரேசிலின் ஆஸ்கர் நீமேயர். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)