குத்தகை: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'லீஸ்' எனப்படுவதே தமிழில் குத்தகை. வயலுக்கு உடையவன் ஒருவன். உழுது பயன்கொள்பவன் மற்றொருவன். விற்பனையில் உடைமையே கைமாறும். குத்தகையிலோ குறித்த காலத்துக்கு, குறித்த தொகைக்கு, அனுபவிக்கும் உரிமை மாத்திரமே கைமாறும். காலம் முடிந்ததும் பொருள் உடையவனிடமே மீளும்.

இவ்வேற்றுமை எத்துணைப் பெரிதென்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு காட்டும். பிரித்தானியர் தம் போர்க் கப்பல்களுக்கென அங்கே சீனக்குடாப் பகுதியில் எண்ணெய்க் குதங்களை அமைத்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தழிந்தது, எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் எண்ணெய் கொள்ளும். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர்.

1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இக்குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்செய்யும் என்றன. 2003இல், ஆண்டுக்கு ஓரிலட்சம் அமெரிக்க டொலர் வீதம் 35 ஆண்டுக் குத்தகை பேசப்பட்டது. ஆயின், முறையான குத்தகை உறுதி நிறைவேறவில்லை. எனவே, எவருக்கு எவ்வளவு உரிமை என்னும் வினா நெடுங்காலம் தீராதிருந்தது.

2022 சனவரியில் புதிய ஒப்பந்தங்கள் கைச்சாத்தாயின. அவற்றின்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. குத்தகைக் காலம் 50 ஆண்டு. கூட்டு நிறுவனத்திற் கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51.

வயலாயினும் துறைமுகமாயினும் குத்தகையின் இலக்கணம் ஒன்றே. காலமும் தொகையும் கடப்பாடும் எழுத்தில் ஐயமற நிற்றல் வேண்டும். இன்றேல், உடையவன் பெயரளவில் மட்டுமே உடையவனாவான்.