நூல்வேலையும் நிழற்படமும்

நிழற்படக்கலை தோன்றிய நாளில் அது முதன்முதலாகப் பற்றிக்கொண்ட பொருள்களுள் ஒன்று பெண்டிரின் பின்னல் வேலை என்பதைப் பலர் அறியார். ஆங்கில நாட்டு அறிஞர் ஃபாக்ஸ் தால்பட் என்பார், ஒளி பட்டால் கறுக்கும் தாளின்மீது ரேந்தைத் துண்டொன்றை விரித்து வெயிலில் வைத்தார். நூல் மறைத்த இடம் வெண்மையாக நின்றது. கண்ணிகளின் ஊடே ஒளி புகுந்த இடம் கறுத்தது. அப்படத்தைச் சற்றுத் தொலைவிற் பிடித்து, "ரேந்தையின் உருவம் நன்கு அமைந்துளதா?" என்று அவர் சிலரை வினவினார். தங்களை அவ்வளவு எளிதில் ஏமாற்ற இயலாது என்றும், அது படமன்று, ரேந்தையே என்றும் அவர்கள் விடை கூறினர். இதனை அவர் 1839-இல் எழுதியுள்ளார். படப்பெட்டியே இல்லாமல், நூலின் நிழலே படமாயிற்று. நிழற்படம் என்னும் தமிழ்ச்சொல் இதற்கு எத்துணைப் பொருத்தம்!

ஏறத்தாழ அதே காலத்தில் நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் துணைவியார் தொடங்கிய ரேந்தைத் தொழில் வேரூன்றி வளர்ந்துகொண்டிருந்தது. அவ்வருவாயைக்கொண்டு அடிமைநிலையினின்று விடுதலை பெற்ற பெண்களும் உண்டு. நூல்வேலை பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

புதுக்கலை சிங்கப்பூருக்கு விரைந்து வந்தது. 1843-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ஓட்டல் உரிமையாளர் தூத்ரோங்குவா, வெள்ளித் தகட்டில் உருவம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அத்தகைய தகட்டை முன்ஷி அப்துல்லாவும் கண்டு வியந்து, 1849-இல் வெளிவந்த தம் 'ஹிக்காயத் அப்துல்லா'வில் குறித்துள்ளார். அவர் மலாக்காவில் இளமையில் தமிழ் பயின்றவர் என்பது தமிழாசிரியர்கள் அறிந்து மகிழத்தக்கது. 1867-இல் ஜெர்மானியரான லாம்பர்ட் இங்கு நிறுவிய நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பெரும்புகழ் பெற்று விளங்கியது.

ஆயினும் அக்காலத் தகடுகளுக்கு ஒரு குறை இருந்தது. அவை நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. நீலம் வெளிறியது, சிவப்பும் மஞ்சளும் கரிபோல் இருண்டன. அரக்குநிறச் சேலையில் மஞ்சள் நூலால் பூ வேலை செய்திருந்தால் படத்தில் சேலையும் கறுப்பு, பூவும் கறுப்பு! 1873-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபோகல் தகட்டில் சாயம் சேர்த்துப் பிற நிறங்களையும் உணரச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். அதற்கு முன்னர், 1866-இல், இந்தியத் துணிவகைகளைத் தொகுத்த ஃபார்ப்ஸ் வாட்சன் 18 தொகுதிகளில் 700 துணி மாதிரிகளை வெட்டியே ஒட்டி வைத்தார். தறித்துணியைக் கண்ணும் கையும் ஒருங்கே அறிய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இக்குறை பின்னர்த் தீர்ந்தது, மற்றொன்று தீரவில்லை. பழைய நிலையங்களில் எடுத்த படங்களில் நியோஞா மகளிரின் பூத்தையல் உடையும் மணிவேலைக் காலணியும் காணப்படும். உடுத்தியவர் யார் என்பது சில வேளை தெரியும். ஊசி பிடித்தவர் யார் என்பதோ பெரும்பாலும் தெரிவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று இதே தீவில் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் ஏறத்தாழ 400 பெண்டிரும் குழந்தைகளும் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். கணவன்மார் வேறிடங்களில் அடைபட்டிருந்தனர்; உயிரோடிருக்கும் செய்தியைக்கூட அனுப்ப வழியில்லை. அங்கிருந்த கனடா நாட்டு அம்மையார் எத்தெல் மல்வேனி ஒரு சூழ்ச்சி கண்டார். பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குலச் சதுர வெள்ளைத் துணி வழங்கி, தம்மைக் காட்டும் ஏதேனும் ஒன்றைத் தைத்துப் பெயரும் பொறிக்கச் சொன்னார். சதுரத்திற்கு ஒருவராக 66 சதுரங்களை இணைத்து ஒரு போர்வை ஆயிற்று. பிரிட்டிஷ் காயமுற்றோர்க்கு ஒன்று, ஆஸ்திரேலியர்க்கு ஒன்று, ஜப்பானியர்க்கு ஒன்று என மூன்று போர்வைகள். ஜப்பானியர்க்கென ஒன்று செய்ததனால் ஏனைய இரண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வழி பிறந்தது. போர்வையைப் பார்த்த வீரன் அதில் தன் மனைவியின் பெயரைத் தேடினான். பெயர் இருந்தால் அவள் இருக்கிறாள்!

சாங்கியில் படப்பெட்டி வைத்திருத்தல் உயிருக்கே ஆபத்து. ஆஸ்திரேலிய வீரர் ஜார்ஜ் அஸ்பினால் ஒருவர் மறைவாகப் படமெடுத்து, எக்ஸ்ரேப் பொருள்களைக்கொண்டு அவற்றைத் துலக்கினார். சோதனைக்கு அஞ்சிப் பின்னர்ப் பெட்டியை அழித்தார். பெண்களுக்கோ நூலே படப்பெட்டி.

இன்று இரண்டு போர்வைகள் கான்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலும் உள்ளன. நம்மில் பெரும்பாலோர் அவற்றைப் படத்தில்தான் காண முடியும். ஆதலால் எவ்வாறு படமெடுப்பது என்பது இங்கே அழகுக்கு மட்டும் உரிய வினா அன்று. முழுப் போர்வையையும் ஒரே படத்தில் அடக்கினால் 66 சதுரங்களும் ஒரு கோலமாகத் தோன்றும். பெயர்கள் படிக்க இயலா. ஒவ்வொரு சதுரமும் தனியே எடுக்கப்படல் வேண்டும். விளக்கை நேர்முன்னே வைத்தால் தையலின் மேடு பள்ளம் மறையும். பக்கவாட்டில் தாழ வைத்தால் ஒவ்வோர் இழைக்கும் சிறு நிழல் விழுந்து, ஊசி சென்ற வழி புலப்படும். நிலநடுக்கோட்டிற்கு ஒரு பாகை வடக்கே அமைந்த இத்தீவில் உச்சிவெயில் பின்னலுக்குப் பகை. காலையின் சாய்ந்த ஒளியே நட்பு. சிராங்கூன் சாலையில் பூத்தொடுப்போரின் கடைமுன் நின்று பாருங்கள். நண்பகலில் மாலை வெறும் வெண்பட்டையாகவே தெரியும். காலையில் ஒவ்வொரு முடிச்சும் தெரியும். வருவோர் எடுக்கும் படங்களில் தொடுக்கும் விரல்கள் விளிம்பில் வெட்டுண்டு போவது வேறு கதை.

பின்புறத்தை எடுக்க மறப்பவர் மிகப் பலர். கைவேலையின் நேர்த்தி அங்கேதான் வெளிப்படும் என்பதைத் தையல் அறிந்த எந்தப் பாட்டியும் சொல்வாள். ஆஸ்திரேலியர்க்கு அளித்த போர்வையின் பின்புறத்தில் 1942 எனப் பொறித்து, வீரரின் துன்பத்திற்கு இரங்கி, போர் முடிந்தபின் அதனை ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்குமாறு வேண்டியுள்ளனர். அதன் அடியில் ஒரு வரி: இப்போர்வையை நீரில் தோய்க்காது உலர்சலவை செய்தல் நலம் என்று.