இசைத்தட்டும் ஆக்கவுரிமையும்: ஓர் அமெரிக்க றொக் குழுவின் வரலாறு

ஒரு கலைஞன் ஆக்கிய பாடல் அவனுக்கே உரியதன்றாகும் நிலை எவ்வாறு தோன்றுகின்றது? இவ்வினாவிற்குக் 'கிறீடன்ஸ் கிளியர்வோட்டர் றிவைவல்' என்னும் அமெரிக்க றொக் குழுவின் வரலாறு தக்க விடையளிக்கின்றது.

கலிபோர்ணியாவின் எல் செரிற்றோ நகரைச் சேர்ந்த பள்ளித் தோழர்களான ஜோன் ஃபோகர்ற்றி, ஸ்ரூ குக், டக் கிளிபோர்ட் ஆகியோரும், ஜோனின் தமையனாரான ரொம்மும் இக்குழுவினராவர். இவர்கள் 1964இல் 'பன்ரசி' என்னும் சிறிய இசைத்தட்டுக் கம்பனியுடன் இணைந்தனர். 1967இல் அக்கம்பனி சோல் சயன்ற்ஸ் தலைமையிலானோரின் கைக்கு மாறியது. பின்னர் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி பாடல்களின் பதிப்புரிமை கம்பனிக்கே உரியதாயிற்று.

1968 முதல் 1972 வரை இவர்கள் ஏழு நெடுந்தட்டுக்களை வெளியிட்டனர். 1969ஆம் ஆண்டில் மட்டும் மூன்று தட்டுக்கள் வெளிவந்தமை இவர்தம் உழைப்பின் வேகத்தைப் புலப்படுத்தும். அவ்வாண்டில் வெளியான 'போர்ச்சுனேற் சன்' என்னும் பாடல், வியட்நாம் யுத்த காலத்தில் செல்வர்தம் புதல்வர் கட்டாயப் படைச் சேவையினின்றும் தப்பியமையைக் கண்டித்தது. ஆயின் சமூக அநீதியைச் சாடிய அக்குரல் தன் சொந்த ஒப்பந்தத்தினின்றும் விடுபட முடியாதிருந்தமை வரலாற்றின் முரணாகும்.

1971இல் ரொம் விலகினார். 1972இல் குழு கலைந்தது. 1980இல் ஜோன், ஒப்பந்தத்தினின்றும் விடுபடும்பொருட்டுப் பழைய பாடல்களுக்கான தம் வருமான உரிமையையும் துறந்தார். பின்னர் அவர் தனித்து வெளியிட்ட பாடலொன்று, 1970இல் அவரே இயற்றிய 'றன் துறூ த ஜங்கிள்' என்னும் பாடலை ஒத்துள்ளதெனக் கம்பனி வழக்குத் தொடுத்தது. தன்னைத் தானே நகல் செய்தான் எனக் கலைஞன் ஒருவன் குற்றஞ்சாட்டப்பட்ட விந்தை இது! 1988இல் நடுவர் குழு ஜோனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவை வழங்குவதில் வெற்றிபெற்ற வாதியையும் பிரதிவாதியையும் ஒரே அளவுகோல் கொண்டே நோக்கவேண்டும் என 1994இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் விதித்தது.

2023இலேயே பாடல்களின் பதிப்புரிமையிற் பெரும்பங்கு ஜோனிடம் மீண்டது. அப்போதும் மூல ஒலிப்பதிவுகள் கம்பனியின் உடைமையாகவே இருந்தன. நான்கைந்து ஆண்டுகளில் ஆக்கியவற்றை மீட்க அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. இசைத்தட்டு கலைப்படைப்பாக மாத்திரமன்றி விற்பனைப் பண்டமாகவும் அமைவதால், அதன் வரலாற்றை எழுத முனைவோர் இராகத்தோடு ஒப்பந்தத்தையும் ஆராய்தல் இன்றியமையாததாகும்.