வேட்பாளரை நிறுத்துவது யார்? - புதுச்சேரி சொல்லும் கதை

ஓட்டுப் போடும் இயந்திரத்தில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அதில் ஒன்றை அமுக்குவது மக்கள். ஆனால் அந்தப் பெயர்களை அங்கே கொண்டுவந்து வைத்தது யார்?

புதுச்சேரியில் மொத்தம் 30 தொகுதிகள். 2021 தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். அதாவது தொகுதிக்கு ஏறக்குறைய 33 ஆயிரம் பேர்தான். வேட்பாளர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட ஜனங்களுக்குத் தெரியும். ஆனால் அவருக்கு சீட் கொடுப்பதில் அந்தத் தெருவுக்கு எந்தப் பங்கும் இல்லை!

சட்டம் கேட்பது ஒரு காகிதத்தைத்தான். கட்சித் தலைமை அதிகாரம் கொடுத்த ஒருவர் கையெழுத்துப் போட்ட 'பி' படிவம், வேட்புமனுவின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். அந்தப் பெயரைக் கட்சி எப்படித் தேர்ந்தெடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

முதல்வர் பதவியிலும் இதே கதைதான். 2001ல் முதல்வரான ரங்கசாமி, 2008ல் காங்கிரஸ் மேலிடம் சொன்னதால் பதவி விலகினார். வைத்திலிங்கம் முதல்வரானார். ரங்கசாமி சும்மா இருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் என்.ஆர். காங்கிரஸைத் தொடங்கி, அதே ஆண்டு மே மாதம் 15 இடங்களில் வென்று மறுபடியும் முதல்வர் ஆனார்.

2016ல் காங்கிரஸ் ஜெயித்தது. அப்போது மாநிலத் தலைவர் நமச்சிவாயம். ஆனால் முதல்வரானது, தேர்தலிலேயே நிற்காத நாராயணசாமி. நமச்சிவாயத்தின் ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜான்குமார் நெல்லித்தோப்பு தொகுதியை விட்டுக்கொடுக்க, இடைத்தேர்தலில் நாராயணசாமி வென்றார். 2021 ஜனவரியில் நமச்சிவாயம் பா.ஜ.க.வுக்குப் போனார். பிறகு ஜான்குமாரும் போனார். பிப்ரவரி 22ல் ஆட்சி கவிழ்ந்தது. இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் விரிசல் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு வேறு வழி உண்டா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலும் ஒரு காலத்தில் கட்சிப் பெரிய மனிதர்கள்தான் வேட்பாளரை முடிவு செய்தார்கள். அதனால் தோற்றுப்போன லா ஃபாலெட், ஆளுநரான பிறகு 1903ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1904ல் மக்கள் வாக்கெடுப்பில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே முதலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் அங்கே 1906ல் நடந்தது. அந்த ஊரில் ஆளுநர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி. அந்தப் பதவிக்கான வேட்பாளரும் இப்படித்தான் தேர்வானார்.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தி சில தொகுதிகளில் உட்கட்சித் தேர்தல் வைத்தார். ஓட்டு கட்சிக்காரர்களுக்கு மட்டும். வதோதராவில் நரேந்திர ராவத் ஜெயித்தார். அங்கே மோடி போட்டியிடுகிறார் என்றதும் அவர் ஒதுங்கிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி வேட்பாளர் ஆனார். ஓட்டு எண்ணி முடித்த பிறகும் கடைசி வார்த்தை மேலிடத்துடையதுதான்!

முதனிலைத் தேர்தலிலும் பணம் விளையாடும், சாதி விளையாடும். ஆனால் அதில் தோற்றவனிடம் காட்ட ஒரு எண்ணிக்கை இருக்கும். "உனக்கு இத்தனை ஓட்டு, அவருக்கு இத்தனை" என்று சொல்லலாம். டெல்லியிலிருந்து வரும் முடிவில் அந்த எண் கிடையாது. எண்ணிக்கை இல்லாத தோல்வியை யார்தான் ஒத்துக்கொள்வார்கள்?