வாழ்த்து மடலும் வரைந்த கையும்

ஒருவர் நலம்பெற வேண்டும் என்று மற்றொருவர் விரும்புவது மனித இயல்பு. அவ்விருப்பத்தை எதிரில் இருப்பவரிடம் வாயால் மொழிகிறோம். தொலைவில் இருப்பவருக்குத் தாளில் எழுதி விடுக்கிறோம். கடைகளில் அடுக்கி வைக்கப்பட்ட வண்ண அட்டைகளைக் காண்போர், வாழ்த்து மடல் என்பது அச்சகத்தில் பிறந்த பொருள் என்றே எண்ணுவர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. மடல் கையில் பிறந்தது. பின்னரே அச்சகத்திற்குச் சென்றது. சென்ற பின்னும் நெடுநாள் கையை விட்டு நீங்கவில்லை. இவ்வரலாற்றை அறிந்தவர், தாமே ஒரு மடல் செய்ய அமரும்போது எதைத் தேட வேண்டும், எதைத் தேட வேண்டியதில்லை என்பதையும் அறிந்துகொள்வர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய மக்களிடையேயும் அன்பு மடல்களைக் கையாலேயே செய்யும் வழக்கம் இருந்தது. தாள், கத்தரிக்கோல், ஊசி, மை, நீர்வண்ணம் ஆகியவையே கருவிகள். தாளை மடித்து வெட்டிப் பூவேலை செய்தனர். ஊசியால் குத்திப் புள்ளிக்கோலம் இட்டனர். சதுரத் தாளின் நான்கு பக்கங்களும் நடுவில் வந்து ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளுமாறு மடிக்கும் புதிர்மடிப்பும் அவற்றுள் ஒன்று. பெறுபவர் ஒவ்வொரு மடிப்பாகத் திறக்க வேண்டும். திறக்குந்தோறும் ஓர் அடி கவிதை தோன்றும். இறுதியில் நடுவே வரைந்திருக்கும் இதயம் வெளிப்படும்.

மடலே தனக்கு உறையாகவும் அமைந்ததற்கு அன்றைய அஞ்சல் முறையும் ஒரு காரணம். பிரிட்டனில் அக்காலத்தில் கடிதத்தின் கட்டணம் அது செல்லும் தொலைவையும், அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. தனியே ஓர் உறை இட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கிடப்படும். பெரும்பாலும் பெறுபவரே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே, ஏழை எளியவர்க்கு வாழ்த்து அனுப்புவது அவர்கள்மீது சுமை ஏற்றுவதாகவே முடிந்தது.

இந்நிலையை மாற்றியவர் ரோலண்ட் ஹில். அஞ்சல் சீர்திருத்தம் குறித்து அவர் 1837 இல் சிற்றேடு ஒன்றை வெளியிட்டார். அதன் பயனாக, 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்சுக்கு மேற்படாத கடிதம், முன்பணம் செலுத்தினால், பிரிட்டனுக்குள் எங்குச் சென்றாலும் கட்டணம் ஒரு பென்னி என்றாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் உலகின் முதல் அஞ்சல் தலை வெளிவந்தது. தாள்களை எண்ணும் முறை ஒழிந்தது. உறைக்கு வழி பிறந்தது. உறைக்குள் வைக்கும் அட்டைக்கும் வழி பிறந்தது.

ஹில்லுக்குத் துணை நின்றவர்களுள் ஹென்றி கோல் என்பவரும் ஒருவர். கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல் அவர் திகைத்தார் என்பர். 1843 இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஏறத்தாழ ஆயிரம் அட்டைகளை அச்சிட்டார். நடுவே ஒரு குடும்பம் மதுக்கிண்ணம் உயர்த்தி வாழ்த்துகிறது. இருபுறமும் பசித்தோர்க்கு உணவும், ஆடையற்றோர்க்கு ஆடையும் வழங்கும் காட்சிகள் உள்ளன. குழந்தையும் மது அருந்துவதாகக் காட்டியதை மதுவிலக்கு இயக்கத்தார் கண்டித்தனர். எஞ்சிய அட்டைகள் ஒன்று ஒரு ஷில்லிங் என விற்கப்பட்டன. ஒரு ஷில்லிங் பன்னிரண்டு பென்னி. அஃதாவது, அஞ்சல் செலவைப்போல் பன்னிரு மடங்கு!

இங்கு இரண்டு செய்திகள் நம் கருத்திற்குரியவை. கோடுகள் மட்டுமே கல்லச்சில் பதிந்தன. வண்ணம் முழுவதும் கையால் தீட்டப்பட்டது. மேலும், பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் அட்டையில் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. நேரத்தை மிச்சப்படுத்தவே பிறந்த அட்டையும், ஒரு பெயரையாவது கையால் எழுதாமல் வாழ்த்து ஆகாது என்பதை ஒப்புக்கொண்டது. கோல் தம் பாட்டியாருக்கு அனுப்பிய அட்டை, 2001 இல் இருபதாயிரம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று.

கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம்பெண் வாழ்ந்தார். 1847 இல் கல்லூரிப் படிப்பை முடித்த அவர் கையில் இங்கிலாந்திலிருந்து வந்த அன்பு மடல் ஒன்று கிடைத்தது. அதனினும் சிறப்பாகத் தம்மால் செய்ய இயலும் என்று அவர் துணிந்தார். தந்தையார் எழுதுபொருள் வணிகர். ஆதலால் பின்னல் தாளும் வண்ணத் தாளும் கிடைத்தன. செய்து காட்டிய மாதிரிகளைச் சகோதரர் ஊர் ஊராக எடுத்துச் சென்றார். இருநூறு டாலருக்கு ஆணை கிடைத்தால் போதும் என்று எதிர்பார்த்த பெண்ணுக்கு, ஐயாயிரம் டாலருக்கு ஆணை வந்தது என்று கூறுவர்.

ஒருவர் கையால் இத்தனை மடல்களைச் செய்ய முடியுமா? முடியாது. ஆகவே அவர் தோழியரைத் தம் இல்லத்தில் கூட்டி, வேலையைப் பகுத்தளித்தார். ஒருத்தி படங்களை வெட்டுவாள்; ஒருத்தி தாள்களை அடுக்குவாள்; மற்றொருத்தி ஒட்டுவாள். வெள்ளைப் பின்னல் தாளுக்கு அடியில் வண்ணத் தாள் வைத்து, துளைகளின் வழியே நிறம் தெரியச் செய்தல் அவர்தம் உத்தி. விசிறிபோல் மடித்த சிறு தாள்களை இடையே ஒட்டிப் பூக்களை மேலெழுந்து நிற்கச் செய்தல் மற்றோர் உத்தி. அம்மடல்கள் முற்றிலும் கையால் ஆனவையே. ஆயினும் செய்தவளுக்கு, அதைப் பெறப்போகிறவர் யார் என்று தெரியாது. கைவினை என்பது வேறு. ஒருவருக்காக ஒருவர் செய்வது என்பது வேறு. இவ்வேறுபாடு மறக்கத்தக்கதன்று.

அடுத்து வந்தவர் லூயி பிராங். ஜெர்மனியிலிருந்து சென்று பாஸ்டனில் அச்சகம் நடத்திய இவர், பல கற்களில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் முறையில் தேர்ந்தவர். 1870 களின் இடையில் கிறிஸ்துமஸ் அட்டைகளை அச்சிட்டு விற்றார். 1880 இல் ஓவியர்களுக்குப் பரிசுப் போட்டியும் நடத்தினார். வண்ணம் தீட்டும் கைக்கு இனி வேலை இல்லை என்றாயிற்று. ஆனால், மலிவான அட்டைகள் ஜெர்மனியிலிருந்து குவியவே, அவரே அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது. அழகை இயந்திரம் மலிவாக்கியது. மலிவு அழகையே வீழ்த்தியது.

இவ்வாறு வெளியேற்றப்பட்ட கை மீண்டும் மீண்டும் திரும்பி வந்தது என்பதே வியப்பு. ஜப்பானில் அஞ்சலட்டை 1873 இல் அறிமுகமாயிற்று. புத்தாண்டு வாழ்த்துகளை அதில் எழுதி, ஜனவரி முதல் நாள் சென்று சேருமாறு அனுப்பும் வழக்கம் வேரூன்றியது. கிழங்கை வெட்டி அச்சு செய்து, அவ்வட்டைகளில் பதிப்போர் இன்றும் உளர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயிகே குனியோ என்பவர் அஞ்சலட்டையில் ஓவியம் வரைந்து சில சொற்கள் எழுதும் கலையைப் பரப்பினார். திறமையற்ற கை வரைவதே நன்று என்பது அவர் கொள்கை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், செக்கோஸ்லோவாக்கியாவில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்திடம் உதவி பெற்ற சிற்றூர் ஒன்றில், ஏழு வயதுச் சிறுமி யித்கா சம்கோவா நன்றி கூறும் ஓவியம் ஒன்றைத் தீட்டினாள். தாள் கிடைக்காமையால் கண்ணாடியின்மேல் தீட்டினாள் என்பர். அவ்வோவியமே 1949 இல் அந்நிதியத்தின் முதல் வாழ்த்தட்டை ஆயிற்று. தேர்ந்த ஓவியர் பலர் இருந்த உலகில், குழந்தைகளுக்காகப் பொருள் திரட்டும் பணியைத் தொடங்கி வைத்தது ஒரு குழந்தையின் கை.

தமிழரிடத்தும் இவ்வழக்கம் இருந்தது. தமிழகத்தில் பொங்கல் வாழ்த்தட்டைகள் இருபதாம் நூற்றாண்டில் பெருகின. நம் மலேசியாவில் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய பெருநாள்களில் இனம் கடந்து மடல்கள் சென்றன. வந்த மடல்களைக் கயிற்றில் கோத்து வரவேற்பறையில் தொங்கவிட்ட இல்லங்கள் பல. கைத்தொலைபேசி பரவியபின் அக்கயிறுகள் வெறுமையாயின. ஒரே படத்தை ஒரு நொடியில் இருநூறு பேருக்கு அனுப்புகிறோம். ஹென்றி கோலுக்கு இல்லாத நேரம் நமக்கும் இல்லை. ஆனால், அவர் விட்டுவைத்த பெயருக்குரிய வெற்றிடத்தையும் நாம் நீக்கிவிட்டோம்.

புதிதாக மடல் செய்ய விரும்புவோர்க்கு வேண்டுவன மிகச் சிலவே. நோட்டுத் தாளினும் தடித்த தாள் அல்லது மணிலா அட்டை, அடிக்கோல், கத்தரிக்கோல், பசை ஆகியன போதும். ஏ4 அளவுத் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நடுவில் மடித்தால் ஏறத்தாழ 105 மில்லிமீட்டர் அகலமும் 148 மில்லிமீட்டர் உயரமும் உள்ள மடல் கிடைக்கும். மடிக்குமுன் தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்தல் வேண்டும். எத்திசையில் எளிதாக வளைகிறதோ அத்திசையில் மடித்தால் விளிம்பு பிளவுபடாது. மை தீர்ந்த பேனாவால், அடிக்கோலை ஒட்டி ஒரு கோடு அழுத்திய பின் மடித்தால் மடிப்பு நேராக அமையும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துப் பதித்தால் பூப்போன்ற வடிவம் தோன்றும். விரலகலத் தாள் துண்டை விசிறி மடிப்பாக மடித்து, ஒரு முனையை மடலிலும் மறுமுனையை வெட்டிய பூவிலும் ஒட்டினால், ஹவ்லண்ட் அம்மையார் செய்ததுபோல் பூ எழுந்து நிற்கும். பசையை மிகுதியாகத் தடவாமல், உலரும்வரை ஒரு நூலின் கீழ் வைத்தல் நன்று.

ஆயினும், இவை அனைத்திற்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மடல் யாருக்கு என்று முடிவு செய்தல் வேண்டும். எவருக்கேனும் ஆகட்டும் என்று செய்த மடல், எத்துணை அழகாயினும் கடைப்பொருளே. பாட்டிக்கு என்று எண்ணிச் செய்தால் எழுத்து பெரிதாகும். நோயுற்ற நண்பனுக்கு என்று எண்ணினால் வண்ணம் இதமாகும். ஆசிரியருக்கு என்றால் சொல் தானே அடங்கும். கோடு கோணலாகலாம், பசை சற்றுப் படியலாம். பெறுபவர் கண்ணுக்கு அவை குறைகள் அல்ல. தமக்காக ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார் என்பதற்கான சான்றுகள். அச்சகம் எத்தனை வண்ணங்களைப் பதித்தாலும் அந்தச் சான்றைப் பதிக்க அதற்கு வழியில்லை.